பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. இன்றைக்கு வியாபாரம் படிப்பதற்கென்றே காலேஜுக்குப் போன பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உத்திரமேரூர் கடைவீதியில் நிற்கிறார்கள். போகிற வருகிற பெண்களை மறித்து, "இந்தப் பொருளை ஏன் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டுத் தாளில் டிக் போடுகிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் சோப்பு போட்டு முன்னேறியவன். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆளுக்குச் சோப்பு போடுவது வேறு, அச்சில் சோப்பு போடுவது வேறு. முதல் வகை தெரிந்திருந்தால் இந்நேரம் கவுன்சிலர் ஆகியிருப்பேன். எனக்குத் தெரிந்தது இரண்டாம் வகை. பதினைந்து வயதில் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினேன். பிறகு சென்னைக்குப் போய் ஒரு சோப்புக் கம்பெனியில் கலவை கிண்டினேன். எது எவ்வளவு என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. மூக்காலேயே கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, துணி துவைக்கிற நீலக் கட்டிச் சோப்பை நானே கிண்டி, நானே வெட்டி, சைக்கிளில் நானே கொண்டுபோய் விற்றேன். இன்றைக்கு மிஷின் மூன்று ஓடுகிறது, எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். நம் தாலுகாவில் காய்கிற வேட்டிகளில் பாதிக்கு மேல் என் கை பட்டது என்று சொன்னால் அதில் பொய் கொஞ்சம்தான் இருக்கும்.

சோப்புக்கு என் மனைவியின் பெயரை வைத்தேன். இந்த எழுத்தில் யார் பெயரும் வராது, அவள் பெயரும் வராது. காரணம் போகப் போகத் தெரியும்.

பெயர் வைத்ததில் ஒரு விசேஷம் உண்டு. ரேப்பரில் கொட்டை எழுத்தில் அச்சடித்தேனே தவிர, அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. எங்கள் பக்கம் புருஷன் பெயரைப் பெண்கள் சொல்ல மாட்டார்கள். ஆண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் எனக்கு அது வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததோடு சரி. வீட்டில் "இந்தா" என்பேன், வெளியாரிடம் "வூட்ல" என்பேன். இப்படியே நாற்பது வருஷம் ஓடிவிட்டது. யாருக்கும் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

குறை இருந்தது என்பது போன ஐப்பசி மழையில் தெரிந்தது. தெருக் குழாயடியில் யாரோ சோப்பைப் பிரித்து ரேப்பரைக் கால்வாயில் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். அது மிதந்து வந்து எங்கள் வாசலில் நின்றது. என் மனைவி அதைக் குச்சியால் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

"பாரு. எம் பேரு சாக்கடைல மெதக்குது."

"மெதந்தா இன்னா? ஊரெல்லாம் தெரியுதுல்ல?"

"இன்னா தெரியுது? ஒருத்தியாவது கடைல போய் எம் பேர சொல்லி சோப்பு குடுன்னு கேட்டாளா? நீலம்ன்றா, பத்து ரூவான்றா, டிவில வர்றதுன்றா. கேக்காத பேரு காயிதத்துல இன்னாத்துக்கு? எருமை மாட்டுப் படத்த போட்டுக்கோ. அதுங்கூட கூப்ட்டா திரும்பிப் பாக்கும்."

வேலையாட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சோப்பை வெட்டினார்கள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

"உம் பேர சொல்லி ஊரே கேக்குது. நீ வூட்டுக்குள்ள கீற, உனக்கு எப்டி தெரியும்?"

"அப்டியா? சரி. மிஷின்ல ஓட்ற இந்த ரோலு முடியறதுக்குள்ள ஒரே ஒருத்தி, நீ சொல்லித் தராம, தானா வாயத் தொறந்து எம் பேர சொல்லிக் கேக்கணும். நீ ஒங் காதால கேட்டுட்டு வந்து சொல்லு. இல்லன்னா அடுத்த ரோல்ல எம் பேரு இருக்கக் கூடாது."

"ஒருத்தி இன்னா, நூறு பேர காட்றேன்!" என்றேன். திரும்பி மிஷினைப் பார்த்தேன். ரேப்பர் ரோலில் பாதிக்கு மேல் ஓடிவிட்டிருந்தது.

மறுநாளே உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு வேண்டிய மளிகைக் கடையில் போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். வாடிக்கைக்காரர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பொருள் விற்கிறது என்று கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் பாதிதான் தெரியும். என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டால்தான் முழுசும் தெரியும். இது நான் கண்டுபிடித்தது.

ஒரு பெண் வந்தாள். "அண்ணா, சோப்பு ஒண்ணு. அதான், டிவில வருமே, மாமியாக்காரி மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு நிப்பா, மருமவ சிரிச்சிக்கினே சொக்காவ ஒதறுவா..."

"தெரியும், தெரியும்" என்று கடைக்காரர் என் சோப்பை எடுத்து வைத்தார்.

"இதானா அது?"

"அதுதாம்மா இது. மருமவ கைல காயிதம் இருந்துதா? பிரிச்சிட்டா எல்லாம் ஒண்ணுதான்."

அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வழக்கமாக இந்த இடத்தில் நான் மீசையைத் தடவிக்கொள்வேன். மருமகள் சிரிப்பதற்கு கம்பெனிக்காரன் பம்பாயில் செலவு செய்கிறான், உத்திரமேரூரில் என் சோப்பு விற்கிறது. இதைவிடப் பெரிய மூளை யாருக்கு வரும் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மீசைக்குக் கை போகவில்லை. விற்றது சோப்பு, கேட்டது மருமகளை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அதற்கு முந்தின வருஷம் அந்தக் கம்பெனி கொஞ்ச நாள் விளம்பரத்தை மாற்றியிருந்தது. அதே மருமகள் கட்டிச் சோப்பைத் தள்ளி வைத்துவிட்டு, வாஷிங் மிஷினில் பாட்டிலைக் கவிழ்த்தாள். உடனே இங்கே மிஷினே இல்லாத வீட்டுப் பெண்களும் பாட்டில் கேட்டார்கள். பக்கெட்டில் ஊற்றிக் கையால் சுற்றினார்கள், மிஷின் சுற்றுகிற மாதிரியே. கட்டிச் சோப்பை டிவியில் காட்டாமல் விட்டால் நஷ்டம் அவனுக்குத்தானே வரவேண்டும்? எனக்கு வந்தது. கொட்டகையில் சோப்பு அடுக்கடுக்காகத் தங்கிவிட்டது. அவன் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் போயிருக்கிறான், நான் பின்னாலேயே நடந்திருக்கிறேன். அவன் சந்து திரும்பியதும் எனக்கு வழி தெரியவில்லை. அந்தச் சமயத்தில் கேட்டவர்களிடம், "நான் வேணும்னுதான் உற்பத்திய கொறச்சேன்" என்று சொல்லிவைத்தேன். அதுவும் ஒரு திறமை.

உத்திரமேரூர் கைவிட்டதால் வாலாஜாபாத்துக்குப் போனேன். அங்கே ஒரு பாய் கடை எனக்குப் பழைய பழக்கம். மில்லில் மூட்டை தூக்கிய காலத்தில் அவருடைய அப்பாவிடம் பீடி வாங்கியிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் பாய் சிரித்தார்.

"பேரா? இங்க பேரு எல்லாம் கெடையாது நைனா. பத்து ரூவா நோட்ட நீட்டுவாங்க, சோப்புன்னுவாங்க. எந்தக் கட்டி என் கைக்குக் கிட்ட கீதோ அத்தத்தான் எடுப்பேன். மில்லுலருந்து வர்றவன் பஸ்ஸ புடிப்பானா, பேர படிப்பானா?"

அப்படியா என்று என் பெட்டியைப் பாயின் கைக்குக் கிட்ட நகர்த்தி வைத்தேன். சாயங்காலம் கம்பெனியின் சேல்ஸ்மேன் வந்து அவன் பெட்டியை முன்னால் வைத்துவிட்டுப் போனான். சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிய பையன். மறுநாள் நான் போய் மாற்றினேன். அதற்கு மறுநாள் அவன் மாற்றினான்.

"ரெண்டு பேரும் பேஜார் பண்ணாதீங்க" என்றார் பாய். "நேத்து சோப்புன்னு நெனச்சி ஊதுபத்தியக் குடுத்துட்டேன். அந்தாளும் வாங்கிக்கினு போய்ட்டான்."

பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு சோப்போடும் ஒரு ஷாம்பு பாக்கெட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். மூன்றே நாளில் காலி. பெருமையாகப் போய் மறுபடி மூட்டை மேல் உட்கார்ந்தேன். "அந்த ஷாம்பு சோப்பு குடு பாய்" என்றார்கள். இரண்டு பெண்கள் ஷாம்புவை எடுத்துக்கொண்டு, சோப்பு வேண்டாம், அதற்குப் பதில் இன்னொரு ஷாம்பு தருவாயா என்று பேரம் பேசினார்கள். என் மனைவியின் பெயருக்கு மேல் ஷாம்பு பாக்கெட் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கட்டினவனும் நானே.

இனி விளம்பரம்தான் வழி என்று முடிவு செய்தேன். நம்முடைய ஊரில் அந்தக் காலத்தில் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஆளைப் பொறுக்கியதாகக் கோயில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால், எழுதிப்போட்டால் போதும், பெயர் தானாக வெளியே வரும் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். அன்றைக்குக் குடம் இருந்தது, டிவி இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில் மைக்கும் கம்ப்யூட்டரும் உண்டு. கடைக்காரர், "லேடீஸ் வாய்ஸ் போட்டுடலாம் சார், செங்கல்பட்டுல ஒரு மேடம் பேசுவாங்க" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சைக்கிள் காலத்தில் ஒரு தெருவின் முனையில் நின்று கூவினால் மறுமுனையில் மாடு மிரளும். அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு இரவல் குரலுக்கு எதற்குக் காசு? நானே மைக் முன்னால் நின்றேன். எழுதிக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

"அன்பான தாய்மார்களே! நுரை பொங்குது, அழுக்கு ஓடுது! உப்புத் தண்ணியா இருந்தாலும் கவலை வேண்டாம்! நம்ம ஊரு நீல சோப்பு! நம்பிக்கையான நீல சோப்பு! பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்!"

ஒரே மூச்சில் பேசினேன். ஃபிளெக்ஸ் கடைக்காரர் எழுந்து நின்று கைகொடுத்தார். பென் டிரைவில் ஏற்றி, லோடு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, பத்து நாள் ஊர் ஊராகச் சுற்ற விட்டேன். எல்லாக் கடையிலும் நீல சோப்பு தீர்ந்துபோனது என்று போன் மேல் போன் வந்தது. என் கொட்டகையில் மட்டும் அடுக்கு அப்படியே இருந்தது. இது என்ன கூத்து என்று நான் மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, இரண்டு பேனா சேல்ஸ்மேன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு சுவர்க் கடிகாரம்.

"ஐயா, இத்த நீங்க மறுக்கக் கூடாது. ஒங்க வண்டி போன தெருவுல எல்லாம் எங்க சோப்பு தீந்துபோச்சு. எங்க மேனேஜரு ஒங்க கொரல ரெக்கார்டு பண்ணிக் கேட்டாரு. நாங்க இத்தினி வருசமா சொல்லாத மாதிரி சொல்லியிருக்கீங்கன்றாரு."

திறமையை எதிரி மெச்சினால் வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. வாங்கிக் கொட்டகையில் மாட்டினேன். என் மனைவி டீ கொண்டுவந்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இத்த யாரு குடுத்தது?"

"கம்பெனிக்காரன். எந் தெறமைய மெச்சி."

"அவன் சோப்பு வித்துதுக்கு ஒனக்கு கடியாரமா? இன்னாதான் பேசின மைக்ல? போடு, கேக்கலாம்."

போனில் போட்டேன். அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்து முழுசாகக் கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பேர சொல்லிக் கேளு, பேர சொல்லிக் கேளுன்ற. எந்தப் பேர? அத்த சொல்லவே இல்லியே!"

சொல்லாமல் இருப்பேனா என்று நானே போட்டுக் கேட்டேன். "நம்பிக்கையான" என்பதற்கும் "நீல சோப்பு" என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டிருந்தேன். பெயர் வரவேண்டிய இடம் அதுதான். அந்த இடத்துக்கு வந்ததும் வாய் தன் பழக்கத்துக்குத் தானாக மூடிக்கொண்டிருக்கிறது. ஃபிளெக்ஸ் கடைக்காரர் கவனிக்கவில்லை, ஆட்டோக்காரர் கவனிக்கவில்லை, பத்து நாள் கேட்ட எந்த ஊரும் கவனிக்கவில்லை. நீலம் என்று கேட்டதும் கையில் கிடைத்த நீலத்தை வாங்கிவிட்டார்கள். என் தொண்டை, என் ஆட்டோ, என் டீசல். விற்றது அவன் சோப்பு.

"நாப்பது வருசமா இந்தான்னு கூப்ட்ட வாயி, மைக்க கண்டா மட்டும் பேர சொல்லிடுமா?" என்றாள். "பேசாம ரேப்பர்ல 'இந்தா சோப்பு'ன்னு போட்டுக்கோ. கடைக்காரன் ஒவ்வொரு தபாவும் கரீட்டா சொல்லுவான்."

வேலையாட்கள் இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. மிஷினில் ரோல் மெலிந்துகொண்டே வந்தது.

மறுநாள் மறுபடி மைக் முன்னால் நின்றேன். ரைஸ் மில்லில் நூறு கிலோ மூட்டையைத் தூக்கியவன் நான். மூன்று எழுத்துப் பெயர் ஒன்றைத் தூக்க முடியவில்லை. முதல் தடவை இருமல் வந்தது. இரண்டாம் தடவை ரேஷன் கடையில் கார்டு பார்த்துக் கூப்பிடுவது போல் இருந்தது. "சார், கொஞ்சம் ஆசையா சொல்லுங்க, சோப்பு விக்கணும்ல?" என்றார் ஃபிளெக்ஸ் கடைக்காரர். கதவைச் சாத்தச் சொல்லி, அவரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுச் சொன்னேன். அது சரியாக வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அதை ஒன்றுக்கு நான்கு முறையாக வைத்து ரெக்கார்டு செய்தோம்.

வண்டி முதலில் எங்கள் தெருவில்தான் நுழைந்தது. என் மனைவி வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் என் குரல் அவள் பெயரை உரக்கச் சொன்னது. எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தாள்.

"யக்கா! மாமா உம் பேர ஊரெல்லாம் கூவிக்கினு போறாரே, காணாம போய்ட்டியா இன்னா?"

என் மனைவி முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபத்தை மறைக்கவா, வேறு எதையாவது மறைக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ரோலில் இன்னும் இரண்டு நாளைக்குத்தான் தாள் இருந்தது. கடைசி நம்பிக்கையாக மானாம்பதிக்குப் போனேன். அந்த ஊரைக் கடைசிக்கு வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே நான் சைக்கிளில் விற்ற காலத்திலிருந்தே என் சோப்புக்கு ஒரு மரியாதை இருந்தது. மரியாதையைத் தேடித் தந்தது தண்ணீர்.

அங்கே என் சோப்பு ஓடிய தெருக்களில் போர்த் தண்ணீர் கொஞ்சம் உப்பு. டிவியில் மருமகள் தேய்த்தால் நுரை பக்கெட்டைத் தாண்டி வழியும். அதே கம்பெனி சோப்பை அந்தத் தண்ணீரில் தேய்த்தால் தயிர் திரிந்த மாதிரி ஏதோ வரும். நுரை வராது. என் சோப்பில் சோடா கொஞ்சம் தூக்கல். அளவு பார்க்கிறபோது என் கை தாராளம். அதனால் உப்புத் தண்ணீரிலும் நுரை பொங்கும், கையும் சுருசுருவென்று எரியும். அந்த ஊர்ப் பெண்கள் யோசித்திருக்கிறார்கள். டிவியில் காட்டுகிற மாதிரி நுரை வருவது எதில்? என் சோப்பில். அப்படியானால் ஒரிஜினல் எது? என் சோப்பு. நுரை வராத கம்பெனி சோப்பு எது? டூப்ளிகேட். கை எரிவதுகூட ஒரிஜினலின் அடையாளம் ஆகிவிட்டது.

கடை நடத்துகிற அம்மாள் முன்பே ஒரு முறை கம்பெனி சேல்ஸ்மேனிடம் சண்டை போட்டு ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பியவள். "இன்னாய்யா, போலி சோப்பக் கொண்டாந்து தலைல கட்ற? நொரையே வர்ல" என்று அவள் கேட்டபோது, அந்தப் பையன் தன் கம்பெனி சோப்பு அசல்தான் என்று பஞ்சாயத்தில் பேசுகிற மாதிரி பேசியும் எடுபடவில்லையாம். இதை நினைத்து நினைத்து நான் வருஷக்கணக்கில் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அங்கே போய் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் உப்பு, புளி, தீப்பெட்டி என்றே போனது. பிறகு நூறு நாள் வேலை முடிந்து, தலையில் துண்டோடு ஒரு பெண் வந்தாள். மண்வெட்டியைக் கீழே வைத்தாள். பருப்பு கேட்டாள், எண்ணெய் கேட்டாள். அப்புறம் என் மனைவியின் பெயரைச் சொல்லி, "ஒண்ணு குடுக்கா" என்றாள்.

நான் சொல்லித் தரவில்லை. ஜாடைகூடக் காட்டவில்லை. அவளாக, தன் வாயால், கணீரென்று சொன்னாள். எனக்கு எழுந்து நிற்கவேண்டும் போல் இருந்தது, நின்றுவிட்டேன்.

கடைக்கார அம்மாள் பின்னால் கைவிட்டுத் துழாவி ஒரு கட்டியை எடுத்துப் பருப்பு மேல் வைத்தாள். அது கம்பெனி சோப்பு.

"ஏம்மா!" என்றேன். "அந்தப் பொண்ணு கேட்டது ஒண்ணு, நீ குடுத்தது ஒண்ணு."

"ஒன்னுது நேத்தே தீந்துபோச்சு நைனா. நீதான் சரக்கு அனுப்பல, அதான் இத்த வாங்கி வெச்சேன்" என்றாள் கடைக்கார அம்மாள். நிஜம்தான். ஊர் ஊராகக் காதை நீட்டிக்கொண்டு அலைந்ததில் மானாம்பதிக்குச் சரக்கு ஏற்ற மறந்துவிட்டிருந்தேன்.

வாங்க வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ யாரு பெர்சு?"

"அந்த சோப்பப் போட்றவனே நாந்தாம்மா."

"எந்த சோப்ப?"

இங்கேயும் சொல்லவேண்டியதாயிற்று. பெயரைச் சொன்னேன். பழகிவிட்டதோ என்னவோ, இருமல் வரவில்லை.

"ஆமா, அதான் இது" என்று அவள் கம்பெனிக் கட்டியைக் காட்டினாள்.

"இது அது இல்லம்மா. இது கம்பெனிது."

"தெரியும் பெர்சு. எங்க தெருவுல நீலமா இருந்தா எல்லாத்துக்கும் அதான் பேரு. ஒன்னுது ஒரிஜினலு. இது டூப்ளிகேட்டு." ஒரிஜினலுக்குப் பின்னாலும் டூப்ளிகேட்டுக்குப் பின்னாலும் அவள் என் மனைவியின் பெயரைச் சேர்த்தே சொன்னாள். "இன்னிக்கி டூப்ளிகேட்டுதான் கீது. வேல சொக்காதான தொவைக்கப் போறேன், கல்யாணப் பொடவையா?"

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கம்பெனி சோப்பு என் மனைவியின் பெயரைப் போட்டுக்கொண்டு அவள் பையில் போனது.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் பார்த்தேன். பம்பாயில் படம் எடுத்து, மருமகளைச் சிரிக்கவைத்து, நாடு முழுக்க விற்கிற கம்பெனி, மானாம்பதியில் ஒரு தெருவில் என் மனைவிக்கு டூப்ளிகேட். இதைவிட ஒருவன் என்ன சாதிக்க முடியும்? ஆனால் விற்றது அவன் சோப்பு. அதையும் மறைக்க முடியாது. மறைக்கலாம் என்று பஸ் மேட்டில் ஏறும்போது நினைத்தேன். வீட்டுக்குப் போய் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

"கேட்டா! தானா கேட்டா. நூறு நாள் வேலைக்குப் போற பொண்ணு. கணீர்னு உம் பேர சொன்னா."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்புறம்?"

"அப்புறம் இன்னா? வாங்கிக்கினு போனா."

"நம்மளுதா?"

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். வைத்த செருப்பை எடுத்து இன்னும் நேராக வைத்தேன்.

"நம்மளுது ஸ்டாக்கு இல்ல" என்றேன். மீதியையும் சொன்னேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"எம் பேர சொல்லிக் கூப்ட்டா வேற ஒருத்திய அனுப்பி வெச்சிருக்க!"

"ரோலு நாளைக்கி முடியுது" என்றேன். "நீயே சொல்லு. இது செல்லுமா, செல்லாதா?"

அவள் நறுக்கின காயைச் சட்டியில் அள்ளிப் போட்டாள். நான் எத்தனையோ ஆபீசில் எத்தனையோ கையெழுத்துக்கு நின்றிருக்கிறேன். அப்படி எங்கேயும் நின்றதில்லை.

"பந்தயம் கேட்டதுக்குதான, வாங்குனதுக்கு இல்லியே. கேட்டாளா, கேட்டா. பேரு இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். "ஆனா ஒண்ணு. ஊருக்கெல்லாம் மைக்கு வெச்சி சொன்னியே, அது வூட்டுக்கும் சேத்துதான்."

மறுநாள் பழைய அச்சிலேயே புது ரோலுக்குச் சொல்லியனுப்பினேன். மானாம்பதிக்கு முதல் லோடு ஏற்றினேன். கம்பெனிக்காரன் கடிகாரத்தைக் கழற்றவில்லை, நேரம் சரியாகக் காட்டுகிறது. எல்லாம் முடிந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, "இந்தா, ஒரு டீ குடு" என்றேன். பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது, ஆள் இருக்கிறாள். மறுபடி "இந்தா" என்றேன்.

"பேர சொல்லிக் கேட்டு வாங்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வேலையாட்கள் கொட்டகையில்தான் இருந்தார்கள். எட்டிப் பார்த்துக்கொண்டேன். பிறகு பெயரைச் சொல்லி, ஒரு டீ கேட்டேன்.

டம்ளர் வந்தது. வாயில் வைத்தேன். தொண்டை வரை காரம். சுக்குக் காப்பி.

"நான் டீதான கேட்டேன்?"

"டீத் தூளு தீந்துபோச்சு" என்றாள். "அதுதான் இது. குடி."